உஷார்! ஃபிளாற் உங்களுடையது, கார் நிற்கிற இடம் யாருடையது?

யாழ்ப்பாணத்தில் தொடர்மாடி ஃபிளாற் வாங்கவென்று முற்பணத்தைக் கையில் வைத்திருக்கிறவர்கள், இதை வாசித்து முடிக்கும் வரைக்கும் அந்தக் காசைக் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அலுமாரியைத் திறந்து உறுதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். அவசரமாகத்தான் சொல்கிறேன். கொஞ்ச நாளுக்கு முன் வரை நானும் இதைச் சின்ன விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் பெரியம்மாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டியதும் ஓட்டோ ஒன்றில் மெல்ல ஏற்றிக்கொண்டு, அவர் இருக்கிற தொடர்மாடிக்குக் கொண்டுபோனோம். மத்தியானம் ஒரு மணி. கேற்றடியில் காவலுக்கு நிற்கிற பெடியன் கையைக் காட்டி மறித்தான். "அண்ணை, ஓட்டோ உள்ளுக்க விட ஏலாது. கொமிற்றி சொல்லியிருக்கு." பெரியம்மாவின் கட்டுப்போட்ட காலைக் காட்டினேன். அவனுக்கும் விளங்கியது, முகம் வாடியது. "எனக்கு வேலை போயிடும் அண்ணை" என்றான். அவன் இருந்த பிளாஸ்ரிக் கதிரையை அவனே தூக்கிக்கொண்டு வந்தான். பத்து அடிக்கு ஒருக்கால் அதை வைத்து, பெரியம்மாவை இருத்தி எழுப்பி, கேற்றிலிருந்து லிஃப்ட் வரைக்கும் கொண்டு சேர்க்கக் கால் மணித்தியாலம் போனது. அந்த நேரத்தில் கீழ்த்தளத்தில் ஐந்து இடம் வெறுமையாகக் கிடந்தது. ஐந்துக்கும் சங்கிலி போட்டுப் பூட்டு.

லிஃப்டுக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முதல் விதி வாடகை வாகனம் வளவுக்குள் வரக்கூடாது என்பது. மாலை ஆறு மணிக்குப் பிறகு விருந்தினர் வாகனம் நிற்கக்கூடாது. காருக்குரிய இடத்தில் மோட்டார் சைக்கிள் விடக்கூடாது. மோட்டார் சைக்கிளுக்கு வேறு இடம் எது என்று அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. இரண்டு கிழமை அசையாமல் நின்ற வாகனத்தின் இடம் இன்னொருவருக்குக் கொடுக்கப்படும். மீறினால் சில்லுக்குப் பூட்டு, கழற்றக் காசு. தாளில் திகதி இல்லை, கையெழுத்து இல்லை, எந்தக் கூட்டத்தில் யார் தீர்மானித்தது என்ற விபரமும் இல்லை. அந்த ஐந்து பூட்டுகளும் யாருடையவை என்று கேட்டேன். ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. "வெளிநாட்டில இருக்கிற ஆக்களின்ரயாம்" என்று மட்டும் பதில் வந்தது.

பெரியம்மாவின் உறுதியை வாங்கிப் பார்த்தேன். ஃபிளாற்றின் இலக்கம் இருக்கிறது, சதுர அடி இருக்கிறது, எந்த மாடி என்பதும் இருக்கிறது. வாகனம் நிறுத்துகிற இடத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விற்கும்போது கொடுத்த வண்ணப் புத்தகத்தில் "பார்க்கிங் வசதி உண்டு" என்று போட்டிருந்தது. அவ்வளவுதான்.

இதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. நாங்கள் உறுதி எழுதத் தெரியாத சனமா? யாழ்ப்பாணத்துப் பழைய உறுதி ஒன்றை எடுத்துப் பாருங்கள். நாலு எல்லையும் பேர் சொல்லி எழுதியிருக்கும். கிணறு பக்கத்துக் காணிக்குள் இருந்தால், அந்தக் கிணற்றில் எத்தனையில் எத்தனை பங்கு, தண்ணீர் அள்ளப் போகிற வழி எது, வாய்க்கால் எதனால் வரும் என்று ஒன்றுவிடாமல் இருக்கும். 'கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்' என்ற வரி இல்லாத உறுதியை எங்கள் பாட்டன்மார் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். ஒரு முழ வேலிக்காக யாழ்ப்பாண நீதிமன்றத்தில் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய ஊர் இது. அதே ஊரில், கோடிக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஃபிளாற்றுக்குக் கார் நிறுத்த இடம் எது என்று எழுதி வாங்காமல் கையெழுத்து வைக்கிறோம். தொடர்மாடியில் பொதுக் கிணறு மாதிரித்தான் கீழ்த்தளம். பங்கு எழுதாவிட்டால் இறைப்பு முறை வரும்போது நீங்கள் வாளியோடு கரையில்தான் நிற்க வேண்டும்.

இடம் ஏன் பத்தாமல் போகிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு கார் நிற்க வழக்கமாக ஒதுக்குகிற அளவு 2.4 மீற்றர் அகலம், 4.8 மீற்றர் நீளம். கிட்டத்தட்ட எட்டடிக்குப் பதினாறடி. அது கார் நிற்க மட்டும். உள்ளே வர, திரும்ப, வெளியே போக இன்னும் அவ்வளவு நிலம் வேண்டும். ஆக ஒரு காருக்கு ஏறக்குறைய ஒரு பேர்ச் காணி. எங்கள் கணக்கில் ஒரு பரப்பு பத்துப் பேர்ச். இரண்டு பரப்புக் காணியில் எழும்புகிற கட்டடத்தை எடுங்கள். படிக்கட்டு, லிஃப்ட், தண்ணீர்த் தாங்கி, பம்ப் அறை, மின்பிறப்பாக்கி, மலக்குழி, மதிலோரம் விடவேண்டிய இடைவெளி எல்லாம் போக, பாதி நிலம் மிஞ்சினால் பெரிய காரியம். பத்துக் கார். மேலே பதினெட்டு ஃபிளாற் இருந்தால் எட்டுக் குடும்பத்துக்கு இடம் இல்லை. கொழும்பில் செய்வது போல நிலத்தைத் தோண்டி இரண்டு மூன்று தளம் இறக்குவதும் இங்கே லேசான வேலையில்லை. எங்கள் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல்லும் அதற்குள் ஓடுகிற நிலத்தடி நீரும். அதனால் கார் நிற்க இருப்பது தரைத்தளம் ஒன்றுதான். அந்தத் தளத்தில் நாளைக்கு ஒரு கடையோ ஜிம்மோ வந்துவிட்டால் அதுவும் போச்சு.

வாகனம் குறையப் போவதுமில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பொறுத்திருந்தவர்கள் இப்போது வாங்குகிறார்கள்.

அளவை நீங்களே அளந்து பாருங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். படத்தில் கோடு போட்டு 'பி 7' என்று எழுதுவது சுலபம். நான் ஒரு இடத்தில் அளவு நாடா பிடித்துப் பார்த்தேன். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் ஏழடி கூட வரவில்லை. ஜப்பான் சின்னக் கார் வகைக்கு அந்த நாட்டுச் சட்டம் வைத்த உச்ச அகலம் 1.48 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். வகன் ஆர் அதற்குள் அடங்கும். வகன் ஆர் என்றால் அந்த இடைவெளிக்குள் போகும், கதவையும் ஒருமாதிரித் திறக்கலாம். அடுத்த வருடம் கொஞ்சம் பெரிய காராக மாற்றினாலோ, ரொறன்ரோவிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்து ஹையேஸ் வான் ஒன்றை வாடகைக்கு எடுத்தாலோ, வாகனம் ஒழுங்கையில்தான். இன்னொரு இடத்தில் கார் நிற்கிற கோட்டுக்குள்ளேயே மலக்குழியின் மூடி இருந்தது. யாழ்ப்பாண நகரத்துக்குக் கழிவுநீர்க் குழாய்த் திட்டம் இல்லை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் குழிதான், குழி நிரம்பினால் பவுசர்தான். பவுசர் வருகிற நாளில் அந்தக் காரின் சொந்தக்காரர் கொழும்பில் இருந்தால் முழுக் கட்டடமும் மூக்கைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "பார்க்கிங் இருக்கு" என்று விற்கிறவர் சொல்லும்போது அதற்குள் மூன்று வேறு வேறு சங்கதி ஒளிந்திருக்கும். கட்டடப் படத்தில் இலக்கமிட்டு உங்கள் ஃபிளாற்றோடு சேர்த்துப் பதியப்பட்ட இடம் என்றால் அது உங்கள் சொத்து; ஃபிளாற்றை விற்கும்போது அதுவும் சேர்ந்து போகும். பொதுநிலத்தில் ஒரு மூலையை நீங்கள் பாவிக்கலாம் என்று கடிதம் தந்தால் அது பாவனைதான். நாளைக்குக் கொமிற்றி மாறினால் கேள்வி வரும். முந்தி வந்தவருக்கு இடம் என்றால், இரவுப் பணி முடிந்து வருகிற தாதிக்கும் கடை பூட்டிவிட்டு வருகிற வியாபாரிக்கும் என்றைக்கும் இடமில்லை. மூன்றுக்கும் ஒரே விலை சொல்லித்தான் விற்கிறார்கள். எது உங்களுடையது என்று கேளுங்கள். பதில் வாயால் வந்தால் போதாது, எழுத்தில் வேண்டும்.

ஏன் எழுத்து? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் இந்த நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. காணி, கட்டடம் போன்ற அசையாச் சொத்தில் உரிமை கைமாறுவதென்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது. வைபரில் வந்த படம், வற்ஸ்அப்பில் வந்த "உங்களுக்கு நம்பர் ஒன்பது அண்ணை", விற்பனைப் புத்தகத்துச் சிவப்புக் கார்ப் படம் எல்லாம் நீதிமன்றத்தில் உறுதியாகாது. பார்க்கிங்குக்கென்று தனியாக வாங்குகிற காசுக்கு வெறும் பற்றுச்சீட்டு ஒன்றைத் தந்தால், அந்தச் சீட்டு காசு கொடுத்ததற்குத்தான் அத்தாட்சி. நிலம் உங்களுடையது என்று அது சொல்லாது.

தொடர்மாடிக்கென்று தனிச் சட்டமே இருக்கிறது: 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டம், பிறகு 1982, 1999, 2003 ஆகிய வருடங்களிலும் திருத்தப்பட்டது. அதன் உயிர்நாடி எல்லோரும் கொண்டோமினியம் பிளான் என்கிற கூட்டு ஆதன வரைபடம். எது தனி ஃபிளாற், எது எல்லோருக்கும் பொது என்று அந்தப் படம்தான் பிரித்துக் காட்டும். அது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டால்தான் உங்கள் ஃபிளாற்றுக்குத் தனி உரித்து. பதிந்த பிறகு, ஃபிளாற் சொந்தக்காரர் எல்லோரும் உறுப்பினராக இருக்கிற முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சட்டப்படி அமைகிறது. பொதுப்பகுதியைப் பராமரிக்கவும் அதற்கு விதி வைக்கவும் உரிய சபை அதுதான். நாங்கள் கொமிற்றி என்று சொல்வது பல இடத்தில் அந்தச் சபையே அல்ல. நாலு பேர் கூடித் தாங்களாக வைத்துக்கொண்ட சங்கம். மேற்பார்வைக்கு 1973இல் பொது வசதிகள் சபையாகத் தொடங்கி, 2003 திருத்தத்தோடு பெயர் மாறிய கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகார சபை கொழும்பில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஃபிளாற் வாங்குகிற எத்தனை பேர் அந்தச் சபையின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

புலம்பெயர்ந்த உறவுகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று வாசியுங்கள். இந்த ஃபிளாற்றுகள் எழும்புவதில் பெரும்பங்கு உங்கள் காசு. அதற்கு ஒரு காரணம் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம். இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் கனடாப் பிரஜையாகவோ பிரித்தானியப் பிரஜையாகவோ இருக்கிறவர் பொதுவாக இங்கே காணி வாங்க முடியாது. தொடர்மாடி ஃபிளாற் என்றால், முழுப் பணத்தையும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே அனுப்பிவிட்டு வாங்கலாம். அதாவது உங்களில் பலருக்கு இருக்கிற ஒரே வாசல் பதியப்பட்ட கூட்டு ஆதனம்தான். படம் பதியப்படாத கட்டடத்தில் உங்களுக்குக் கார் இடத்தை விடுங்கள், ஃபிளாற்றே கேள்விக்குறி. முழுக்காசும் முன்னால் போய்விடுகிறபடியால் பேரம் பேச உங்கள் கையில் பிறகு ஒன்றும் மிஞ்சாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வருடத்தில் பதினொரு மாதம் வெறுமையாகக் கிடக்கிற அந்தச் சங்கிலி போட்ட இடங்கள் உங்களுடையவை என்றுதான் இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் உங்கள் பெயரில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால், நீங்கள் இல்லாத மாதங்களில் மேல் மாடியில் இருக்கிற ஒரு வயது போன சோடிக்கு அந்தச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

கார் இடம் யாருடையது என்ற பிரச்சினையை இந்தியா நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோய்த் தீர்த்தது. மும்பை தஹிசரில் ஒரு கட்டுமான நிறுவனம், தூண்களுக்கு நடுவில் இருக்கிற கார் இடங்கள் இருபத்தைந்து தனக்கே சொந்தம், யாருக்கும் விற்பேன் என்றது. குடியிருப்பாளர் சங்கம் விடவில்லை. நகல்சந்த் லாலூசந்த் எதிர் பஞ்சாலி வீடமைப்புச் சங்கம் என்ற அந்த வழக்கில் 2010 ஆகஸ்ட் 31ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், அந்த இடங்கள் ஃபிளாற் ஆகாது, பொதுப்பகுதி, கட்டியவர் தனியாக விற்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அது மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. எங்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதேதான்: இந்த நிலம் பொதுவென்றால், எந்த உரித்தில் என்னிடம் தனிக் காசு கேட்கிறீர்கள்?

ரொறன்ரோவில் கொண்டோ வாங்கிய எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. அங்கே கார் இடம் தனி அலகாகவே பதியப்பட்டு விற்கப்படும், அல்லது பாவனை உரிமை எழுத்தில் இருக்கும். அங்கே ஒவ்வொரு பக்கமாக வாசித்துக் கையெழுத்து வைக்கிற பிள்ளைகள், ஊரில் வாங்கும்போது "தெரிந்த ஆள்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 2016இல் ஒக்ஸ்ஃபோர்ட் கவுண்டி நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு என் பெரியம்மாவின் கதைக்கு மிக நெருக்கம். தொடர்மாடியில் குடியிருந்த ஒருவர் வாசலடியில் காரை விட்டுப் பாரமான தளபாடத்தை உள்ளே எடுத்துப் போனார். தரிப்பிடத்தைக் கவனிக்கிற நிறுவனம் அபராதம் கேட்டது. சாமான் இறக்கக் கொஞ்ச நேரம் நிறுத்துவது தரிப்பாகாது, வீட்டுக்காரருக்கு அவருடைய ஒப்பந்தத்திலேயே இருக்கிற வழியுரிமையை நிறுவனம் ஒட்டிய அறிவித்தல் பறிக்க முடியாது என்றார் நீதிபதி. ஒரு மனிதரை இறக்குவதற்கும் அதே நியாயம் பொருந்தாதா?

விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாடகை வாகனங்கள் வந்து நாள் முழுக்க நின்று, சொந்தக்காரர் வெளியே அலைந்த கட்டடங்களும் உண்டு. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்படுகின்றன. உள்ளே குடியிருக்கிறவர்களுக்கு மாநகர சபை வாகனப் பாஸ் கொடுக்கிறது. யாரும் குறை சொல்வதில்லை. எந்த வீதி, எத்தனை நாள், யார் கேட்டால் பாஸ் கிடைக்கும் என்று முன்கூட்டியே அறிவித்து, பொறுப்பான ஒரு சபையின் பெயரில் செய்வதால் சனம் ஏற்றுக்கொள்கிறது. லிஃப்டில் ஒட்டிய கையெழுத்தில்லாத தாளுக்கு அந்தப் பொறுப்பு எங்கே?

பயப்படுத்த வேண்டும் என்றே ஒன்றைச் சொல்கிறேன். 2018 ஜூலையிலிருந்து யாழ்ப்பாணத்தில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் ஓடுகிறது. அழைத்தால் காசில்லாமல் வரும். வந்து உங்கள் கேற்றடியில் நிற்கும். உள்ளே இடம் கிடைக்காத வாகனங்கள் இரண்டு பக்கமும் நிற்கிற ஒழுங்கை, குறுக்கே ஒரு வான், சொந்தக்காரரின் தொலைபேசி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நெஞ்சுவலியோடு ஐந்தாம் மாடியில் ஒருவர். தீயணைப்பு வண்டி என்றால் இன்னும் மோசம், அதற்கு அகலமும் வேண்டும், திரும்ப இடமும் வேண்டும். உங்கள் கட்டடத்தில் இன்றிரவு பத்து மணிக்குக் கீழே இறங்கி, அம்புலன்ஸ் ஒன்று லிஃப்ட் வாசலுக்கு வருமா என்று பாருங்கள்.

வாங்கப் போகிறவர்கள் பகலில் போய்ப் பார்க்காதீர்கள். பகலில் எல்லா இடமும் வெறுமையாகத்தான் இருக்கும். இரவு ஒன்பதரைக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமையும் போங்கள். அங்கே வாடகைக்கு இருக்கிற ஒருவரோடு கதையுங்கள். விற்கிறவர் சொல்லாததை அவர் சொல்லுவார். கட்டடம் நகரத்துக்குள் என்றால் மாநகர சபையில், திருநெல்வேலி, கோண்டாவில், கொக்குவில் பக்கம் என்றால் நல்லூர்ப் பிரதேச சபையில், அனுமதித்த கட்டடப் படத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகளில் எத்தனை வாகனத்துக்கு இடம் விடவேண்டும் என்ற கணக்கு உண்டு. அனுமதித்த படத்தில் இருக்கிற கோடுகளையும் தரையில் இருக்கிற கோடுகளையும் ஒப்பிட்டு எண்ணுங்கள். கட்டி முடித்தபின் கொடுக்கிற இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டு ஆதன வரைபடம் பதியப்பட்டிருக்கிறதா என்பதை விற்கிறவரின் நொத்தாரிசிடம் கேட்காமல், உங்களுக்கென்று வேறொரு நொத்தாரிசைப் பிடித்துப் பதிவகத்தில் தேடச் சொல்லுங்கள். அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

ஏற்கெனவே குடியிருக்கிறவர்கள் இந்த மாதமே முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு எழுத்தில் மூன்று கேள்வி அனுப்புங்கள்: இந்த விதி எந்தக் கூட்டத்தில் நிறைவேறியது, அதன் பிரதியைத் தருவீர்களா, சங்கிலி போட்ட ஒவ்வொரு இடமும் எந்த ஃபிளாற்றின் உறுதியில் இருக்கிறது. பதில் வராவிட்டால் கொழும்பில் இருக்கிற அதிகார சபைக்குக் கடிதத்தின் பிரதி போகட்டும். பெரியம்மாவின் பெயரில் நான் எழுதிய கடிதம் நேற்றுப் பதிவுத்தபாலில் போய்விட்டது. பெடியனுடைய வேலைக்கு ஒன்றும் வரக்கூடாது என்பதையும் அதில் எழுதியிருக்கிறேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உறுதியின் வரைவு கைக்கு வந்ததும் முதலில் அட்டவணையைப் பாருங்கள். ஃபிளாற்றின் இலக்கத்துக்குக் கீழே கார் இடத்தின் இலக்கமும் அளவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாவிட்டால் பேனாவைத் திறக்க வேண்டாம்.